போர்த்துக்கேயத்தில் என் தம்பி கள்ளனான கதை

மட்டக்களப்பு நகரில் 'எல்லா மொழிகளிலும் மொழிபெயர்ப்பு' என்று பலகை தொங்கும் ஒரு கொமியூனிகேஷன் கடையில் 6500 ரூபாவைத் தொலைத்துவிட்டு எழுதுகிறேன். போர்த்துக்கல்லுக்கு ஆவணம் அனுப்ப இருப்பவர்கள் கவனியுங்கள்.

தம்பி லிஸ்பனில் வேலை தேடுகிறான். இங்கே ஐந்து வருடம் ஓர் அரிசி ஆலையின் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தவன். முதலாளி தந்த ஆங்கிலக் கடிதத்தில் அது 'இன் சார்ஜ் ஒஃப் ஸ்டோர்ஸ்'. "பயப்படாதீர்கள் அக்கா, கோட்டையே போர்த்துக்கேயர் கட்டியதுதானே, அந்த மொழி நமக்குப் புதிதா?" என்றார் கடைக்காரர். 1628இல் கட்டிய கோட்டையை 1638இலேயே ஒல்லாந்தர் பிடித்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சிரித்துவிட்டுக் காசைக் கொடுத்தேன்.

தம்பியோடு தங்கியிருக்கும் பிரேசில்காரப் பையன் கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு மாதிரிப் பார்த்தானாம். 'சார்ஜ்' இருந்த இடத்தில் 'அகுசாது', அதாவது குற்றம் சாட்டப்பட்டவன். 'ஸ்டோர்ஸ்' 'லோஜஷ்' ஆகியிருந்தது, அதாவது கடைகள். "அக்கா, நான் யார் கடையில் களவெடுத்தேன்?" என்று தொலைபேசியில் கேட்டான்.

பொலிஸ் சுமத்துவதும் சார்ஜ், வங்கி வெட்டுவதும் சார்ஜ், போனுக்கு ஏற்றுவதும் சார்ஜ். ஆங்கிலத்துக்கு அது போதும். போர்த்துக்கேயத்தில் கட்டணம் என்றால் 'தாஷா', மின்னேற்றம் என்றால் 'கார்கா', பொறுப்பாளர் என்றால் 'எங்கரெகாது', களஞ்சியம் 'அர்மசேம்'. நமக்குப் பாணையும் கதிரையையும் தந்த மொழி, இத்தனை சொல் வைத்திருக்கிறது. எங்கள் கடைக்காரருக்குக் கிடைத்தது குற்றச்சாட்டு மட்டும்.

போர்த்துக்கேயர் வழிவந்த பக்கத்து வீட்டுப் பறங்கித் தாத்தாவிடமும் காட்டினேன். தாங்கள் வீட்டில் பேசுவது இந்த மண்ணிலேயே விளைந்த கிரியோல் என்ற கலப்புப் போர்த்துக்கேயம், லிஸ்பன் கந்தோர்க் கடதாசி மொழி வேறு என்றார். பிறகுதான் கடிதத்தின் அடியிலிருந்த மொழிபெயர்ப்பாளர் முத்திரையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன்: 'தமிழ் – ஆங்கிலம்'. காசு கொடுக்குமுன் நீங்கள் முத்திரையைப் பாருங்கள். இரண்டு பொருள் தரும் சொல் ஒன்றைச் சுட்டி, இதற்கு என்ன போடுவீர்கள் என்று கேளுங்கள்.

கடைக்குத் திரும்பிப் போனேன். "கணினி தந்த சொல் அக்கா" என்றார். திருத்தித் தருவாராம். அதற்கு இன்னும் 2000 ரூபா சார்ஜ் ஆகுமாம்.