மூடில்: பல கல்வியாண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

வகுப்பறைத் தளமான எட்மோடோ 2022 செப்டம்பர் 22 அன்று மூடப்பட்டது. மைக்ரோசாஃப்ட்டின் காணொலிக் கலந்துரையாடல் கருவியான ஃபிளிப், தனித் தளமாக இயங்குவதை 2024 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31 உடன் முடிந்தது. மூன்றும் இலவசம், மூன்றையும் ஆசிரியர்கள் விரும்பிப் பயன்படுத்தினார்கள். ஆகவே வகுப்புக்கு ஓர் இலவசக் கருவியைத் தேடும்போது, அதில் என்னென்ன வசதி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், நாம் உள்ளே போட்ட வினாக்களையும் மதிப்பெண்களையும் முழுசாக வெளியே எடுக்க முடியுமா என்று பார்த்துவிட வேண்டும். பாடங்களையும் தேர்வுகளையும் இணையத்தில் நடத்த உதவும் மென்பொருளான மூடில் இந்த ஒரு கேள்வியில் தெளிவாகத் தேறுகிறது. அதற்கு ஈடாக அது கேட்கும் உழைப்பு கொஞ்சநஞ்சமல்ல.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமஸ் தொடங்கிய மூடிலின் 1.0 பதிப்பு 2002 ஆகஸ்ட் 20 அன்று வந்தது. யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கும் திறமூல மென்பொருள் என்பதால், எந்த நிறுவனம் கைவிட்டாலும் உங்கள் சர்வரில் இருக்கும் பிரதி ஓடிக்கொண்டே இருக்கும்.

ஓர் ஆசிரியர், நாற்பது மாணவர்கள், வாரம் ஒரு வீட்டுப்பாடம் என்ற அளவுக்கு மூடில் தேவையில்லை. கூகுள் கிளாஸ்ரூம் போதும். பத்து நிமிடத்தில் வகுப்பு தயாராகிவிடும், பராமரிப்பு என்று எதுவும் இல்லை. ஆனால் அதோடு சேர்த்துத் தேர்வு நடத்தப் பயன்படும் கூகுள் ஃபார்ம்ஸில், வினாக்களைச் சேமித்து வைத்து மறுபடி மறுபடி எடுத்துப் பயன்படுத்தும் வினா வங்கி கிடையாது. மாணவர் திறந்த நொடியிலிருந்து அவரவருக்குத் தனியாக ஓடும் கடிகாரமும் கிடையாது. ஒரே பாடத்தை மூன்று நான்கு ஆசிரியர்கள் எடுக்கும் இடத்தில், ஆண்டுதோறும் தேர்வு திரும்பத் திரும்ப வரும் இடத்தில்தான் மூடிலுக்குச் செலவிடும் நேரம் திரும்பக் கிடைக்கிறது.

மென்பொருள் இலவசம், சர்வர் இலவசமல்ல. ஒரு ஜிபி ரேமுக்கு ஒரே நேரத்தில் 10 முதல் 20 பேர் என்பது மூடில் ஆவணங்களே சொல்லும் தோராயக் கணக்கு. பதிவு செய்திருப்பவர் ஆயிரம் பேராக இருக்கலாம். ஒரே நொடியில் எத்தனை பேர் சொடுக்குவார்கள் என்பதே கணக்கு. வீட்டுப்பாடத்துக்கு 2 ஜிபி சர்வர் தாங்கும். அதே சர்வரில் காலை பத்து மணிக்கு 150 பேரைத் தேர்வு எழுத வைத்தால் பக்கம் திறக்காது.

நிறுவும்போது தவறவிடுபவை எல்லா இடத்திலும் ஒன்றேதான். மூடில்டேட்டா என்ற கோப்புறை இணையத்திலிருந்து நேரடியாக எட்ட முடியாத இடத்தில் இருக்க வேண்டும். மாணவர் ஒப்படைக்கும் தாள்கள் அங்கேதான் கிடக்கின்றன. பின்னணி வேலைகளைக் குறித்த நேரத்தில் தானாகச் செய்யும் க்ரான் வேலை நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும். க்ரான் நின்றுபோனால் தளம் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் மின்னஞ்சல் போகாது, நேரம் முடிந்தும் பாதியில் நிற்கும் தேர்வுத்தாள்கள் தாமாகச் சமர்ப்பிக்கப்படாது. ‘எழுதி முடித்தேன், மதிப்பெண் வரவில்லை’ என்று மாணவர் வந்தால் முதலில் க்ரான் கடைசியாக எப்போது ஓடியது என்று பாருங்கள். அடுத்தது, மூடில் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியின் அமைப்பில் ஒரு படிவத்தின் உள்ளீட்டு எண்ணிக்கைக்கான வரம்பு. இயல்பில் அது 1000. மூடில் கேட்பது 5000. மாற்றாமல் விட்டால், பெரிய வகுப்பின் மதிப்பெண் பக்கத்தைச் சேமிக்கும்போது மேற்பாதி பதிவாகி, கீழே இருப்பவை சத்தமில்லாமல் விழுந்துவிடும்.

கோப்பு ஏற்றும் அளவும் இப்படித்தான் குழப்பும். பிஎச்பியின் இயல்பான வரம்பு 2 எம்பி, என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் மென்பொருளைப் பயன்படுத்தினால் அதன் வரம்பு 1 எம்பி. அதற்குமேல் தளம், பாடம், ஒப்படைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு. இவற்றில் எது சிறியதோ அதுவே செல்லும். கைப்பேசியில் எடுத்த பத்துப் பக்கப் படங்கள் 30 எம்பியைச் சாதாரணமாகத் தொடும். ஸ்கேன் செயலியில் ஒரே பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லி, வரம்பை 20 எம்பி வைத்தால் இரு பக்கமும் நிம்மதி.

மாணவர் பட்டியலை ஏற்றுவதில் நம் ஊருக்கே உரிய சிக்கல்கள் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்துப் பதிவெண் 12 இலக்கம். எக்செல் அதை அறிவியல் குறியீடாகச் சுருக்கிக் காட்டும், மூடிலில் ஏற்றுவதற்காகச் சிஎஸ்வி என்ற எளிய உரைக் கோப்பாகச் சேமிக்கும்போது அந்தச் சுருக்கத்தையே எழுதிவிடும். வகுப்பு முழுக்க ஒரே பதிவெண் போலத் தெரியும். அந்த நெடுவரிசையை எண்ணாக விடாமல் உரை வடிவத்துக்கு முதலிலேயே மாற்றிவிட்டுத்தான் எண்களை ஒட்ட வேண்டும். சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறும். பெயரும் குடும்பப் பெயரும் இரண்டுமே மூடிலுக்குக் கட்டாயம். நமக்கு இருப்பது தலைப்பெழுத்து. அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இட்டு, முழுப்பெயர் காட்டும் அமைப்பில் குடும்பப் பெயர் முன்னால் வரும்படி மாற்றினால் ‘ம. கவிதா’ என்று ஒழுங்காக வரும். பதிவெண்ணை அடையாள எண் கட்டத்தில் போட்டு, மதிப்பெண் பட்டியலில் அது தெரியும்படி செய்துவிட்டால் இரண்டு கவிதாக்கள் குழம்ப மாட்டார்கள்.

இனி வினா வங்கி. மூடிலை இத்தனை பாடுபட்டு வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

பெரும்பாலான ஆசிரியர்களிடம் பழைய வினாத்தாள்கள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சாகி இருக்கும். ஒருங்குறிக்கு மாற்றியபின் ஒருமுறை கண்ணால் படித்தே ஆக வேண்டும்; ஆங்கிலச் சொற்களும் சூத்திரங்களும் மாற்றியில் சிக்கிச் சிதைந்திருக்கும். பிறகு சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களை ஒட்டுமொத்தமாக ஏற்ற எளிய வழி ஐக்கன் வடிவம். வினா ஒரே வரியில், அதற்கடுத்த வரிகளில் ஏ, பி, சி, டி என்ற ஆங்கிலப் பெரிய எழுத்துக்குப் பின் ஒரு புள்ளியும் இடைவெளியும் விட்டு விடைகள், கடைசி வரியில் ‘ஆன்சர்’ என்ற சொல் ஆங்கிலப் பெரிய எழுத்தில், முக்காற்புள்ளியோடு, அதன்பின் சரியான விடையின் எழுத்து. நோட்பேடில் யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்க வேண்டும். வேர்டில் எழுதி நீளமான வினாவை எண்டர் தட்டி இரண்டு வரியாக்கினால் ஏற்றம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். எழுதிப் பழகிய ஆசிரியர் நூறு வினாவை இப்படி ஒரே அமர்வில் ஏற்றிவிடலாம்.

ஒரு வரியில் விடை எழுதும் வினாக்களில் தமிழ் தனிக் கவனம் கேட்கிறது. கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டப்பட்ட ‘கொ’வையும் ஒரே குறியாகத் தட்டப்பட்டதையும் மூடில் சமமாக்கிக்கொள்கிறது, அதில் தொல்லை இல்லை. ஆனால் ‘ஔவையார்’ என்ற விடைக்கு மாணவர் ‘ஒ’வும் ‘ள’வும் தட்டி ‘ஒளவையார்’ என்று எழுதுவார். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்; கணினிக்கு இரண்டும் வேறு சொல். சரியாக எழுதிய பிள்ளைக்குச் சுழியம் விழும், ஏனென்று ஆசிரியருக்கும் புரியாது. இரண்டு வடிவங்களையும் நூறு விழுக்காடு மதிப்பெண்ணோடு விடைகளாகச் சேர்ப்பதுதான் வழி. ‘தமிழ்நாடு’, ‘தமிழ் நாடு’ போன்ற இடைவெளி வேறுபாடுகளுக்கும் இதே மருந்து. எந்தப் புதிய வினாவையும் முதல் தேர்வுக்குப் பின், தவறு என்று ஒதுக்கப்பட்ட விடைகளைப் பட்டியலாகத் திறந்து பார்த்தால் இப்படிப்பட்டவை உடனே கண்ணில் படும்.

காப்பி அடிப்பதைத் தடுக்கப் பூட்டுகளை நம்ப வேண்டாம். தேர்வின்போது மற்ற செயலிகளைத் திறக்கவிடாத சேஃப் எக்ஸாம் பிரவுசர் நல்ல கருவிதான், ஆனால் ஆண்ட்ராய்டுக்கு அது இல்லை. நம் மாணவர் கையில் பெரும்பாலும் இருப்பது ஆண்ட்ராய்டு. வினா வங்கியின் அளவே நல்ல காவல். 40 வினா உள்ள தொகுப்பிலிருந்து ஆளுக்கு 20 எடுத்தால், எந்த இருவருக்கும் சராசரியாக 10 வினா பொதுவாக இருக்கும். தொகுப்பை 80 ஆக்கினால் அது 5 ஆகிவிடும். ஒரே தொகுப்பாக வைக்காமல் எளிது, நடுத்தரம், கடினம் என்று துணைத் தொகுப்புகளாகப் பிரித்து 8, 8, 4 என்று எடுக்கச் செய்தால்தான் எல்லாருக்கும் நியாயமான தாள் கிடைக்கும். விடைகளைக் கலைத்துப் போடும் வசதியில் ஒரு பள்ளம் உண்டு: ‘மேற்கண்ட அனைத்தும்’, ‘1 மற்றும் 3 சரி’ போன்ற விடைகள் கொண்ட வினாக்கள், கூற்று–காரணம் வினாக்கள். கலைந்தால் ‘மேற்கண்ட அனைத்தும்’ முதல் விடையாக வந்து நிற்கும். அப்படிப்பட்ட வினாவில் மட்டும் கலைப்பை நிறுத்திவையுங்கள்.

தேர்வு முடிந்தபின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறக்காதவர்கள் மூடிலின் பாதியைக்கூடப் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு வினாவுக்கும் எளிமைக் குறியீடும் (வகுப்பு அதில் பெற்ற சராசரி விழுக்காடு) வேறுபடுத்தும் குறியீடும் (நன்றாக எழுதுபவரையும் மற்றவரையும் அது எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது) வரும். நான்கு விடை வினாவில் எளிமை 25 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் வகுப்பே ஊகித்திருக்கிறது. அந்தப் பாடத்தை மறுபடி நடத்த வேண்டும். வேறுபடுத்தும் குறியீடு எதிர்மறையாக வந்தால் நன்றாக எழுதியவர்கள் அந்த ஒன்றில் தவறியிருக்கிறார்கள், அதாவது பெரும்பாலும் விடைக்குறிப்பே பிழை அல்லது வினா இரு பொருள் தருகிறது. வினாவைத் திருத்தி மறுமதிப்பீடு செய்தால் எல்லாத் தாளிலும் மதிப்பெண் மாறிவிடும். சில ஆண்டு இப்படிச் சலித்த வினா வங்கியைப் புதிதாகச் சேரும் ஆசிரியரிடம் கொடுத்துப் பாருங்கள், அதன் மதிப்பு அப்போது தெரியும்.

தேர்வு நாளன்று சர்வர் விழாமல் இருக்க: மாணவர்களைக் கால் மணி நேரம் முன்பே உள்நுழையச் சொல்லவும். குழுவாரியான விதிவிலக்கு வசதியில் 10:00, 10:10, 10:20 என்று தொடக்கத்தைப் பிரிக்கவும். பக்கத்துக்கு ஒரு வினா வேண்டாம், ஐந்து வையுங்கள். ஒவ்வொரு பக்கத் திருப்பலும் சர்வருக்கு ஒரு வேலை. விடைகள் நிமிடத்துக்கு ஒருமுறை தாமாகவும் சேமிக்கப்படுவதால், இணைப்பு அறுந்து மீண்டும் வந்தால் பெரிய இழப்பு இருக்காது.

மதிப்பெண் ஏட்டில் ஓர் அமைப்பு பலரைத் தவறவைக்கிறது. வெற்று மதிப்பெண்ணை விலக்குவது இயல்பிலேயே இயக்கத்தில் இருக்கும். நான்கு தேர்வில் ஒன்றை மட்டும் எழுதி 18/20 வாங்கியவர் 90 விழுக்காட்டோடு முதலிடத்தில் நிற்பார். பருவ நடுவில் அது சரி. இறுதிக் கணக்குக்கு முன் வராதவர்களுக்குச் சுழியம் இட்டே ஆக வேண்டும்.

தமிழில் பெயர் உள்ள சான்றிதழ்களையும் அறிக்கைகளையும் மூடிலிலிருந்து நேரடியாக பிடிஎஃப் ஆக எடுக்க வேண்டாம். அது பயன்படுத்தும் டிசிபிடிஎஃப் என்ற நிரல் தொகுப்பு தமிழ் எழுத்துச் சேர்க்கையைக் கையாளாது. ‘கெ’யின் கொம்பு பின்னால் போய் நிற்கும். பட்டியலை எக்செலாக இறக்கி, லிப்ரெஆபிஸின் மெயில் மெர்ஜில் (பட்டியலின் பெயர்களை ஒரு மாதிரியில் தானாக நிரப்பும் வசதி) சான்றிதழ் செய்தால் ஒழுங்காக வரும். தமிழ் இடைமுகத் தொகுப்பு இருக்கிறது, ஆனால் முழுமையில்லை. மொழி திருத்தும் பக்கத்தில் மாணவர் கண்ணில் படும் ஐம்பது அறுபது சொற்றொடர்களை மாற்றினாலே பாதி தயக்கம் போய்விடும்.

நேரடி வகுப்புக்கு 4.0 பதிப்பிலிருந்து பிக்புளூபட்டன் என்ற காணொலி வகுப்புக் கருவி உள்ளேயே வருகிறது. அதோடு தரப்படும் இலவச சர்வரில் 60 நிமிடம், 25 பேர், ஏழு நாளில் அழியும் பதிவு. சந்தேகம் தீர்க்கும் சிறு கூட்டத்துக்குச் சரி, வகுப்புக்குப் போதாது.

மேம்படுத்தலில் அவசரம் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வந்தாலும், நீண்டகால ஆதரவுப் பதிப்பில் தங்குவதே சிறிய நிறுவனத்துக்கு ஏற்றது. 2024 அக்டோபரில் வந்த 4.5 அப்படிப்பட்டது. அதைத் தாண்டிப் போவோருக்கு இரண்டு எச்சரிக்கை: 5.0 இல் வினா வங்கி தனிச் செயல்பாடாக மாறி, தள அளவில் இருந்த தொகுப்புகள் இடம்பெயர்கின்றன, 5.1 இல் சர்வர் சுட்ட வேண்டியது ‘பப்ளிக்’ என்ற புதிய உட்கோப்புறையை. முதலில் ஒரு நகல் தளத்தில் ஓட்டிப் பார்க்காமல் பருவ நடுவில் இவற்றைத் தொட வேண்டாம்.

காப்புப் பிரதி என்றால் டேட்டாபேஸ், மூடில்டேட்டா, கான்ஃபிக் கோப்பு மூன்றும் சேர்ந்தது. பாடவாரியாக மூடில் எடுக்கும் எம்பிஇசட் காப்புக் கோப்புகள் மட்டும் தளத்தைத் திருப்பித் தராது. இதற்கு மேல், ஒவ்வொரு பருவ முடிவிலும் வினா வங்கியை மூடில் எக்ஸ்எம்எல் ஆக ஏற்றுமதி செய்து தனியே வையுங்கள். படங்களும் அந்தக் கோப்புக்குள்ளேயே வந்துவிடும். ஐக்கனில் அவை வராது. பிறகு ஒரு மடிக்கணினியில் வெற்று மூடில் ஒன்றை நிறுவி அந்தக் கோப்பை ஏற்றி, படமுள்ள ஐந்தாறு வினாக்களைத் திறந்து பாருங்கள், ஔவையார் வினாவுக்கு இரண்டு வடிவத்திலும் விடை எழுதிப் பாருங்கள்.