ஓப்பன்எஸ்எஸ்எல்லா, லிப்சோடியமா?

திருகோணமலையில், உப்புவெளி விடுதிகளுக்கு முன்பதிவு மென்பொருள் எழுதும் தம்பிமாரே, ஓப்பன்எஸ்எஸ்எல், லிப்சோடியம் என்ற இரண்டு குறியாக்க லைப்ரரிகளில் எது என்று பார்க்க முன்னம் மற்றப் பக்கம் எந்த மோடில், அதாவது எந்தக் குறியாக்க முறையில், தரவை அனுப்புகிறது என்று கேளுங்கள். விடுதிக்காரரின் பழைய சர்வர் ஏஇஎஸ்-சிபிசியில் (ஏஇஎஸ் என்ற குறியாக்கத்தின் சிபிசி மோடில்) அனுப்பினால் பேச்சே இல்லை, ஓப்பன்எஸ்எஸ்எல்தான். சிபிசி, சிடிஆர், ஜிசிஎம், சிசிஎம், எக்ஸ்டிஎஸ் என்று ஏஇஎஸ் மோடுகள் எல்லாம் அதில் இருக்கிறது. லிப்சோடியத்தில் சிபிசியே கிடையாது.

ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் எல்லாவற்றையும் கையில் தந்துவிட்டு ஒதுங்கிவிடும். சிபிசியோடு ஹெச்மேக் (செய்தியை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் முத்திரை) சேர்க்க மறந்தாலும் ஏன் என்று கேட்காது, ஜிசிஎம்மில் ஒரே சாவிக்கு அதே நொன்ஸை (ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய எண்ணை) திரும்பப் போட்டாலும் கேட்காது, அதுதான் பெரிய வினை, ஏனென்றால் அதற்குப் பிறகு போலிச் செய்தியைக்கூட நுழைக்கலாம். ஜிசிஎம்மின் வழக்கமான நொன்ஸ் 96 பிட். லிப்சோடியத்தின் எக்ஸ்சாச்சா20-பாலி1305 என்ற குறியாக்கத்தில் 192 பிட், ரேண்டமாக எடுத்தாலே போதும், கணக்கு வைக்கத் தேவையில்லை.

சரி, இரண்டு பக்கமும் உங்கள் கோட் என்றால்? யோசிக்காமல் லிப்சோடியம் எடுப்பேன். ஒன்று மட்டும்: அதன் ஏஇஎஸ்-ஜிசிஎம், புராசசரிலேயே ஏஇஎஸ் வசதி இருந்தால்தான் ஓடும். ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியில் அந்த வசதி இல்லை, அதில் சாச்சாதான் வேகமும்கூட.