பச்சைக்குழந்தைக்கான ‘43 பொருள் பாதுகாப்புப் பெட்டி’: வாங்கும் முன் படியுங்கள்

பிரசவத் தேதி நெருங்கும்போது இணையத்தில் பலர் வாங்கும் சாமான் இது. சாம்பல் நிற ஜிப் பை, மேலே ‘43 பொருள்கள், மருத்துவத் தரம்’ என்ற எழுத்து. ஒரே படத்தைப் போட்டு வெவ்வேறு பெயர்களில் விற்கிறார்கள். அப்படி வந்த ஒரு பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சோதித்ததில் தெரிந்தவை கீழே. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அது போகட்டும். உள்ளே இருந்த தெர்மாமீட்டர்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

முதலில் அந்த 43. எண்ணினால் கணக்கு சரியாகவே வருகிறது. பிளக் ஓட்டையை அடைக்கும் மூடி 12, மேசை முனையில் ஒட்டும் ரப்பர் 12, பஞ்சுக்குச்சி 10. இதிலேயே 34 போய்விட்டது. சீப்பு, பிரஷ், நகவெட்டி மூன்றையும் கழித்தால் மிஞ்சுவது ஆறே பொருள்: தெர்மாமீட்டர், குளிக்கும் தண்ணீரின் சூடு பார்க்கும் வாத்து, மூக்குச் சளி உறிஞ்சும் ரப்பர் பல்பு, மருந்து டிராப்பர், அளவுக் கிண்ணம், தலையணை. குழந்தையின் உடம்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட அந்த ஆறுமே பழுது.

தெர்மாமீட்டர் நெற்றிக்கு நேரே பிடித்து அழுத்தும் அகச்சிவப்பு வகை. பெரியவர் நெற்றியில் 36.6 காட்டியது. சுவரைப் பார்த்து அழுத்தினால் 36.4. ஐஸ் தண்ணீர் ஊற்றி வெளியே வேர்த்திருந்த தம்ளரில் வைத்தால் 36.5. இந்த வகைக் கருவி அளப்பது தோலின் மேற்பரப்புச் சூட்டை. அதிலிருந்து உடம்புச் சூட்டைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. ஒழுங்கான கருவியை உடம்புச் சூடு அளக்கும் நிலையில் வைத்து, குளிர்ந்த பொருளைக் காட்டினால் ‘லோ’ என்று சொல்லும். இந்தக் கருவியோ எதைக் காட்டினாலும் இழுத்துக்கொண்டு வந்து 36-க்குள் அடைத்துவிடுகிறது.

இது ஏன் உயிர் போகும் விஷயம்? 3 மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ போனால், நடு இரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்தத்திலோ சிறுநீரிலோ மூளையைச் சுற்றிய உறையிலோ தொற்று இருந்து, வெளியே காய்ச்சலைத் தவிர வேறு எதுவுமே தெரியாமல் இருக்கலாம். இந்த வயதில் தொற்று வந்தால் சிலசமயம் சூடு ஏறாமல் இறங்கவும் செய்யும். அக்குளில் 36.5 முதல் 37.5 வரை இயல்பு. 36-க்குக் கீழே போய், நெஞ்சோடு அணைத்துப் போர்த்தியும் ஏறாவிட்டால் அதற்கும் டாக்டரைப் பார்க்க வேண்டும். இந்தக் கருவி இரண்டையும் மறைத்துவிடும். பெற்றோரை நிம்மதியாகத் தூங்க வைக்கும் எண்ணையே எப்போதும் காட்டும்.

உங்கள் வீட்டில் இருப்பதை இப்போதே சோதித்துப் பாருங்கள். அகச்சிவப்பு வகை என்றால் சுவர், குளிர்ந்த தம்ளர், உங்கள் நெற்றி மூன்றிலும் வையுங்கள். மூன்றிலும் ஒரே மாதிரி எண் வந்தால் தூக்கிப் போடலாம். அதற்குமுன் பொருளின் சூடு அளக்கும் நிலை, உடம்புச் சூடு அளக்கும் நிலை என்று மாற்றும் பொத்தான் இருக்கிறதா, எதில் நிற்கிறது என்று பாருங்கள். நல்ல கருவிகூடப் பொருளின் நிலையில் நின்றால் நெற்றியில் குறைத்துக் காட்டும். பேனா வடிவ டிஜிட்டல் வகை என்றால், கைக்கு இதமான வெதுவெதுப்பான நீரில் சரியென்று தெரிந்த இன்னொரு தெர்மாமீட்டரோடு நுனிகளைச் சேர்த்துப் பிடித்து, ‘பீப்’ சத்தம் வரும்வரை காத்திருங்கள். இரண்டுக்கும் 0.3-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் நம்ப வேண்டாம். கைக்குழந்தைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரணப் பேனா வகையே போதும். அக்குளில் வைத்துக் கையை உடம்போடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். அங்கே உள்சூட்டைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும் என்பதை மறக்காதீர்கள். தொட்டால் சுடுகிறது, குழந்தை பால் குடிக்கவில்லை, துவண்டு கிடக்கிறது என்றால் எண் என்ன சொன்னாலும் கிளம்புங்கள்.

அடுத்தது டிராப்பர். கோடுகள் கண்ணாடியில் பொறித்தவை அல்ல, மேலே அச்சடித்த மை. வெந்நீரில் இரண்டு தடவை கழுவியதும் 0.4, 0.6 இரண்டும் கட்டைவிரலோடு வந்துவிட்டன. அளவுக் கிண்ணத்தில் 5 மி.லி. கோடுவரை தண்ணீர் ஊற்றிச் சமையலறைத் தராசில் நிறுத்தால் 7 கிராம். 5 மி.லி. தண்ணீர் 5 கிராம்தான் இருக்க வேண்டும். இந்தச் சோதனையை எந்த அளவுக் கிண்ணத்துக்கும் செய்யலாம், ஒரு நிமிடம்கூட ஆகாது. பாராசிட்டமால் விஷயத்தில் அளவுப் பிழை இன்னும் மோசம். சொட்டு மருந்து சிலவற்றில் 1 மி.லி.-க்கு 100 மி.கி. இருக்கும். சிரப் சிலவற்றில் 5 மி.லி.-க்கு 120 மி.கி., அதாவது 1 மி.லி.-க்கு 24 மி.கி.தான். ஒன்றுக்கு எழுதிய அளவில் மற்றதைக் கொடுத்தால் நாலு மடங்கு கூடும் அல்லது குறையும். 3 மாதத்துக்குள் டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. அவர் சொன்னால், ‘எத்தனை மி.லி., எந்தப் பாட்டில்’ என்று இரண்டையும் எழுதி வாங்குங்கள். ஊசியில்லாத வாய்வழி சிரிஞ்சில் கொடுங்கள். அதன் நுனி மூடியை முதலில் கழற்றித் தூர வைத்துவிட வேண்டும், தொண்டையில் சிக்கும் அளவு அது.

ரப்பர் பல்பு மூடிய வகை. உள்ளே போன சளியும் ஈரமும் வெளியே வர வழியில்லை, பூஞ்சை பிடிக்கும், வெளியிலிருந்து தெரியாது. இரண்டாகக் கழற்றிக் கழுவிக் காயவைக்கக்கூடியதை வாங்குங்கள். பல்பை முதலில் அமுக்கிக்கொண்டு, அப்புறம் மூக்கு வாசலில் வைத்து மெல்ல விட வேண்டும். உள்ளே வைத்து அமுக்கினால் சளி மேலே ஏறும். அதற்கு ஒரு நிமிடம் முன்பு 0.9 சதவீத உப்புநீர்ச் சொட்டு இரண்டு விட்டால் சளி இளகும். பால் கொடுப்பதற்கு முன் செய்வது நல்லது.

தலையணை நடுவில் குழியோடு, ‘தலை உருண்டையாக வரும்’ என்ற வாசகத்தோடு வந்தது. தலைக்கு வடிவம் தரும் இந்த வகைத் தலையணைகள் வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022-இல் எச்சரித்தது. புரளாமல் பிடிக்கும் படுக்கை அணைகளுக்கு 2010-லேயே எச்சரிக்கை வந்துவிட்டது. தலை உயர்ந்தால் தாடை நெஞ்சில் படிந்து மூச்சுக்குழல் மடங்கும், பக்கவாட்டில் திரும்பினால் மூக்கு பஞ்சில் புதையும். தூக்கி விலக்கிக்கொள்ளக் கழுத்துக்கு பலமில்லை. கெட்டியான, சமமான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைப்பதே சரி. தலையணை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம். தலை ஒரு பக்கம் தட்டையாகிறதே என்றால், விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே குப்புறப் போட்டுப் பழக்குங்கள், படுக்க வைக்கும் திசையை மாற்றுங்கள்.

வாத்தின் வயிற்றில் 20 மில்லிமீட்டர் லித்தியம் பட்டன் பேட்டரி இருந்தது. மூடிக்குத் திருகாணி இல்லை, நகத்தால் நெம்பினால் திறக்கிறது. பச்சைக்குழந்தை இதை எடுக்காது. வீட்டில் இரண்டு வயதில் ஒரு அண்ணனோ அக்காவோ இருந்தால் எடுக்கும். உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே ஆழமாக அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். குளிக்கும் தண்ணீருக்கு முழங்கையே போதும்: கலக்கிவிட்டு முழங்கையை வையுங்கள், சூடாகத் தோன்றக் கூடாது. 37, 38 டிகிரி போதுமானது.

பஞ்சுக்குச்சியைக் காதுக்குள் விடவே வேண்டாம். முனை ரப்பர் தவழும் வயதில்தான் தேவை, அதற்குள் பசை காய்ந்துவிடும்.

புகார் சொன்னதும் விற்றவர் தந்த பதில்: ‘சுகாதாரப் பொருள், உறை பிரிந்தால் திரும்ப எடுக்க மாட்டோம்.’ உறை பிரிக்காமல் தெர்மாமீட்டரை எப்படிச் சோதிப்பது? இரண்டாவது பதில், ‘பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.’ மாற்றினாலும் சுவருக்கு 36.4தான். அதன்பின் பதிலே இல்லை. அட்டையில் தயாரிப்பாளர் முகவரியும் இல்லை, தொகுதி எண்ணும் இல்லை. ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ (CE) முத்திரை மட்டும் இருந்தது. அளக்கும் மருத்துவக் கருவியில் அந்த முத்திரைக்குப் பக்கத்தில் 4 இலக்க எண் இருக்க வேண்டும், இதில் வெறும் இரண்டு எழுத்து.

ஏற்கெனவே வாங்கியிருந்தால், அட்டையின் நாலு பக்கத்தையும், சுவரில் வைத்த எண் திரையில் தெரியும்படியும் படம் எடுத்து வையுங்கள். விற்பனைத் தளத்தில் ‘பிடிக்கவில்லை’ என்ற காரணத்தைத் தேர்ந்தெடுக்காமல் ‘பழுதான, பாதுகாப்பற்ற பொருள்’ என்பதைத் தேர்ந்தெடுத்துப் புகார் கொடுங்கள். வங்கி அட்டையில் பணம் கட்டியிருந்தால் வங்கியிடமும் எழுதுங்கள். பணம் வரும்வரை பொருளைக் கொடுத்துவிடாதீர்கள். வாத்தின் பேட்டரியை மட்டும் இன்றே கழற்றி, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, பேட்டரி சேகரிக்கும் இடத்தில் போடுங்கள்.