வானுக்குப் பின் சீட் போடப் போகிறீர்களா? காசு கொடுக்கும் முன் வானுக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

ஹட்டன், தலவாக்கலை பக்கம் வான் வைத்திருப்பவர்கள், முக்கியமாக ஸ்கூல் ஹயர் ஓடுகிறவர்கள், இதைக் கொஞ்சம் வாசியுங்கள். கராஜின் பேரைப் போடவில்லை, போட்டால் வேறு வம்பு வரும். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என்னுடையது பழைய டொல்பின் வான். சாமான் ஏற்றுவதற்காகப் பின்பக்கத்தை வெறுமையாக விட்ட வகை, டிரைவருக்குப் பின்னால் ஒரே ஒரு வரிசை சீட்தான். காலையில் பிள்ளைகளை ஏற்றவும், சிவனொளிபாத மலை சீசனுக்கு நல்லதண்ணிக்கும் ஆடியில் கதிர்காமத்துக்கும் ஆள் கொண்டு போகவும் அது எங்கே காணும்? இன்னும் இரண்டு வரிசை போட்டால் லீசிங் காசையாவது முக்காமல் முனகாமல் கட்டலாம் என்று கணக்குப் போட்டு, தெரிந்தவர் ஒருவர் சொன்ன கராஜுக்குப் போனேன்.

பாஸ் நன்றாகப் பேசினார். "அடியில தகடு வெச்சு, ஹை டென்சில் போல்ட் போட்டுத் தர்றேன் தம்பி, யானை ஏறினாலும் அசையாது." பதிவுப் புத்தகத்தில் சீட் எண்ணிக்கை மாற்ற வேண்டுமே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் யாரு பார்க்கிறா" என்று சிரித்தார். அந்த இடத்திலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். எங்கே, ஆசை விட்டதா? 95,000 ரூபா பேசி, மூன்று நாளில் வேலை முடிந்தது. காப்பி நிறத்தில் ரெக்சின், ஓரமெல்லாம் வெள்ளைப் பைப்பிங், தையல் அவ்வளவு சுத்தம். சீட்டைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டினேன், அசையவில்லை. முழுக் காசையும் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். பில் கேட்டதற்குக் கலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் தொகையை எழுதிக் கொடுத்தார், அதையும் வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன் பாருங்கள்.

மூன்றாவது வாரம் நானுஓயாவில் ஒரு கலியாணம். வான் நிறையச் சொந்தக்காரர்கள். கொட்டகலை தாண்டி டெவன் பக்கத்து வளைவில் ஒரு பஸ் நடுக்கோட்டைத் தாண்டி என் பக்கம் வந்துவிட்டது. பிரேக்கை அழுத்தினேன். வேகம் 40 கூட இருக்காது. பின்னால் ஏதோ தகரம் கிழிகிற சத்தம், அதற்கு மேல் சித்தியின் சத்தம். திரும்பிப் பார்த்தால் கடைசி சீட்டின் பின்கால் இரண்டும் தரையை விட்டு மேலே நிற்கின்றன, நாலு பேரும் முன் சீட்டின் முதுகில் சரிந்து கிடக்கிறார்கள். சித்திக்கு உதட்டில் இரண்டு தையல். மடியில் இருந்த பிள்ளையை அவர் விடாமல் பிடித்திருந்தார், அதனால் அதற்கு ஒரு கீறலும் இல்லை. எதிரே ஏதாவது மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்கப் பிடிக்கவில்லை. அதே பாதையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால்தான் ரதல்லை, 2023 ஜனவரியில் பஸ் மோதி 7 பேர் செத்த இடம். அதற்கும் சீட்டுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் அன்றைக்கு வானுக்குள் எல்லோர் மனதிலும் அதுதான் ஓடியது.

மறுநாள் டிக்கோயாவில் வேறொரு பாஸிடம் கொண்டு போனேன். அவர் ஜக் வைத்து, கட்டையும் முட்டுக் கொடுத்து, "நீங்களும் வந்து பாருங்க அண்ணே" என்றார். அடியில் படுத்துப் பார்த்தேன். தகடும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஐந்து ரூபாக் குத்தி அளவு வாசர், அதற்கு மேல் ஒரு நட், எல்லாவற்றையும் மறைக்கக் கறுப்புத் தார்ப் பூச்சு. வானின் தரைத் தகரம் ஒரு மில்லிமீட்டர் கனம் இருந்தால் அதிகம், நம்ம ஊர் மழைக்கு அதிலும் துரு. வாசரோடு சேர்ந்து தகரம் கொப்புளம் மாதிரி உப்பிக் கிழிந்திருந்தது. போல்ட் தலையில் 8.8 என்று அடித்திருக்க வேண்டும், அதுதான் பலமான போல்டுக்கு அடையாளம். இவற்றில் எதுவுமே இல்லை, மொட்டைத் தலை. ஒரு காலுக்குப் போல்டே கிடையாது, கூரைத் தகரத்துக்கு அடிக்கிற ஸ்க்ரூ. இன்னொரு ஓட்டையைப் போட்டவன் கீழே என்ன ஓடுகிறது என்றுகூடப் பார்க்கவில்லை, பிரேக் குழாய்க்கும் டிரில் இறங்கிய இடத்துக்கும் ஒரு விரல் இடைவெளி.

"இது சீட் பூட்டினது இல்ல அண்ணே, சீட்டை வெச்சிட்டுப் போனது" என்றார் டிக்கோயா பாஸ்.

சீட் என்றால் கீழே அழுத்துகிற பாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிரேக் பிடிக்கும்போது அது முன்னால் சாய்கிறது, முன்கால் தரையை அழுத்துகிறது, பின்கால் தரையைப் பிடுங்குகிறது. கையால் ஆட்டிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. பெல்டையும் அந்தச் சீட்டிலேயே பூட்டியிருந்தால் ஆட்களின் பாரமும் அதே நாலு போல்டில்தான் விழும். ஐக்கிய நாடுகளின் 14ஆம் இலக்க வாகன விதியில், சின்ன பயணி வாகனங்களின் இடுப்பு பெல்ட் ஒன்றைப் பூட்டிய இடத்தை இரண்டு தொன்னுக்கு மேல் இழுத்துச் சோதிக்கச் சொல்லியிருக்கிறது, அதுவும் ஒரு ஆளுக்கு. நம்ம வாசர் எதைத் தாங்கும்?

சரியான வேலை என்றால், அடியில் உள்ளங்கை அளவுக்காவது நல்ல கனமான தகடு வைக்க வேண்டும், தகரத்தை வெட்டாதபடி அதன் ஓரத்தை மழுக்க வேண்டும், முடிந்தால் கால் செசி சட்டத்தின் மேலேயே வந்து இறங்க வேண்டும். அதைவிட நல்லது, அதே மொடல் பயணி வானின் ஒரிஜினல் சீட்டைப் பெல்டோடு கொழும்பு பஞ்சிகாவத்தை பாட்ஸ் கடைகளில் தேடுவது, அப்புறம் அந்த வானில் கம்பனிக்காரன் எந்த இடத்தில் பூட்டியிருக்கிறான் என்று பார்த்து அதே இடத்தில் பூட்டுவது. தண்ணிப் பைப்பை வெல்ட் பண்ணிப் பலகை அடித்து ரெக்சின் சுற்றியதை எடுக்காதீர்கள். ஜன்னலோரமாகப் பக்கவாட்டில் போடுகிற பெஞ்ச் சீட் வேண்டவே வேண்டாம், முன்னால் தூக்கி எறிகிறபோது இடுப்பு பெல்ட் இருந்தாலும் உடம்பு பக்கவாட்டில் முறுகும்.

வேலை நடக்கும்போது தார் பூசும் முன் போன் எடுத்துப் போய் ஒவ்வொரு போல்டையும் படம் எடுங்கள். "எங்களை நம்ப மாட்டீங்களா" என்று முகம் சுளிக்கிற கராஜ் என்றால் வண்டியைத் திருப்புங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள சீட் எண்ணிக்கையை மாற்ற மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குத்தான் போக வேண்டும், அங்கே பரிசோதகர் வண்டியைப் பார்ப்பார். அலைச்சல்தான். அதைச் செய்யாமல் ஆள் ஏற்றி ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ்காரன் முதலில் திறப்பது அந்தப் புத்தகத்தைத்தான்.

பழைய பாஸிடம் கிழிந்த வாசரைக் கொண்டு போய் மேசையில் வைத்தேன். "நீங்க அப்படி பிரேக் அடிச்சா எந்த சீட் தம்பி நிக்கும்?" என்றார். கொஞ்சம் சத்தம் போட்ட பிறகு பாதிக் காசு தருவதாக ஒத்துக்கொண்டார். இன்றைக்கு ஐந்தாவது வாரம், போனை எடுத்தால் "வெள்ளிக்கிழமை வாங்க". கலண்டர் தாளை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் நிற்க? சீட் இரண்டும் வீட்டு விறாந்தையில் கிடக்கின்றன, சித்தி அதில் உட்கார மாட்டேன் என்கிறார்.