செயலி சொல்லும் சென்டிமீட்டரை நம்பலாமா? ஆறு குளிர்கால அனுபவம்

பனிப்புயல் முன்னறிவிப்புகளை ஆறு குளிர்காலமாக விடாமல் பார்த்து வருகிறேன். பனி அள்ளும் வண்டி எங்கள் பாதைக்கு வந்து சேர ஒன்றரை நாள் ஆகிவிடும். தீவனம், விறகு, ஜெனரேட்டருக்கு டீசல் என்று எல்லாவற்றையும் முன்னறிவிப்பை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

முதல் வருஷம் மொபைல் செயலி காட்டிய ஒற்றை எண்ணை நம்பிக் கெட்டேன். ஆறு நாள் முன்னால் 45 செ.மீ. என்றது. மறுநாள் 10, அதற்கடுத்த நாள் 30. கடைசியில் விழுந்தது 8 செ.மீ. பனியும் அதன்மேல் கண்ணாடி போட்டது போல் உறைமழையும். அன்றே செயலியைத் தூக்கிவிட்டேன். இப்போது யோசித்தால் அதன்மேல் முழுப் பழியும் போட முடியாது. வானிலையைக் கணிக்கும் ஏதோ ஒரு கணினி மாடலின் ஒரே ஓட்டத்தை அப்படியே காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஜிஎஃப்எஸ் என்ற அமெரிக்க மாடல் நாளுக்கு நான்கு முறை ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் புயலின் பாதை கொஞ்சம் நகரும். மழைக்கும் பனிக்கும் நடுவிலுள்ள கோடு 50 கி.மீ. தள்ளிப்போனாலே கதை மாறிவிடும்.

அப்புறம்தான் என்செம்பிள், அதாவது பல ஓட்டங்களின் தொகுப்பு, பக்கம் வந்தேன். ஐரோப்பிய மாடலில் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி 50 ஓட்டங்கள் தருகிறார்கள். அவற்றில் 40 ஓட்டங்கள் 15 செ.மீ.-ஐத் தாண்டினால் தீவனத்தை இறக்கிவிடுவேன். பத்துதான் தாண்டுகிறது என்றால் டீசல் மட்டும். ஐந்து நாள் முன்னால் புயல் வருமா என்று பார்ப்பதோடு சரி, சென்டிமீட்டர் கணக்கைத் தொடுவதே இல்லை.

அந்தக் கணக்கிலும் ஒரு சங்கதி உண்டு. பல வரைபடங்கள் 1 மி.மீ. நீருக்கு 1 செ.மீ. பனி என்று போட்டுவிடுகின்றன. கடுங்குளிரில் பஞ்சாக விழுந்தால் அது 2 செ.மீ. ஆகலாம், உறைநிலையை ஒட்டி ஈரமாக விழுந்தால் பாதிதான் தேறும். ஆனால் கிளையை முறித்து மின்கம்பியை அறுப்பது இந்த ஈரப்பனிதான். அதனால் நீரின் அளவையும், சுமார் 1.5 கி.மீ. உயரத்து வெப்பநிலையையும் தனியாகப் பார்க்கிறேன். தரையில் மைனஸ் 2 டிகிரி இருந்தாலும் மேலே ஒரு சூடான அடுக்கு நுழைந்துவிட்டால் பனி உருகி உறைமழையாகத்தான் இறங்கும். முதல் வருஷம் ஏமாந்தது இதில்தான்.

ரேடார் நகரத்துக்காரர்களுக்கு வரம். 100 கி.மீ. தள்ளியிருந்தால், அரை டிகிரி கோணத்தில் கிளம்பும் அதன் கற்றை நம் தலைக்கு மேல் ஏறக்குறைய 1.5 கி.மீ. உயரத்தில் போய்விடும். தாழ்வான பனிமேகம் அதன் கண்ணில் படாது. படத்தில் ஒன்றுமே இருக்காது, வாசலில் பனி கொட்டிக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றையும்விட உதவியது வெள்ளைப் பெயின்ட் அடித்த ஒரு பலகையும் ஸ்கேலும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து துடைக்கிறேன். அடிக்கடி துடைத்தால் பனி அமுங்க நேரமில்லாமல் மொத்தம் கூடிப்போகும். பலமாகக் காற்றடித்தால் பலகை உதவாது. வேலியோரம் மலையாகக் குவிந்திருக்கும், நடு வயலில் புல் தெரியும். அப்போது பத்து இடத்தில் அளந்து சராசரி எடுப்பேன். இந்த அளவுகளை எழுதிவைத்த நோட்டைப் புரட்டித்தான் எந்தத் திசைக் காற்றில் முன்னறிவிப்பு எங்களுக்கு மிகையாக வரும் என்று கண்டுகொண்டேன்.

இன்னும் பிடிபடாதது தொடங்கும் நேரம். கீழே காற்று வறண்டிருந்தால் முதல் பனி வழியிலேயே ஆவியாகி, மூன்று நான்கு மணி நேரம் தாமதமாகும். சில சமயம் முன்னதாகவே ஆரம்பித்துவிடும். மதியம் என்று சொன்னால் காலையிலேயே மாடுகளைக் கொட்டகைக்கு ஓட்டிவிடுகிறேன்.