மூன்று வருடம், ஒரு சீட், காயாத ஒரு ஷார்ட்ஸ்

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து நண்பன் ஒருவன் போன் செய்தான். புதிதாக கியர் சைக்கிள் வாங்கியிருக்கிறான். செயின், பிரேக், டயர் என்று இருபது நிமிடம் சத்தமாகப் பேசினான். கடைசியில் குரல் இறங்கியது. "மாப்ள, வீட்ல பக்கத்துல இருக்காங்க... முன்னாடி மரத்துப் போகுதுடா. உனக்கும் ஆகுமா? நீ என்ன சீட் போட்டிருக்க?"

"நல்ல சீட்டா பாத்து வாங்கு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது, அது பதிலே இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கும் ஒருவர் அதைத்தான் சொன்னார். நானும் கடையில் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, இருப்பதிலேயே மெத்தென்று இருந்த ஜெல் சீட்டை வாங்கி வந்தேன். பட்ட பாட்டைத்தான் கீழே எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் கெட்ட கோபம் வரும், பொறுத்துக்கொள்ளவும்.

நான் கோத்தகிரியில் இருக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிற வேலை. வாரத்தில் நான்கு நாள் கட்டபெட்டு வரை போய் வருவது, ஞாயிற்றுக்கிழமை கோடநாடு, மாதம் ஒரு முறை மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுவது. இதுதான் என் ஓட்டம். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோத்தகிரி சுமார் 1,800. நடுவில் 33 கிலோமீட்டர் ரோடு. எனக்கு ஏறி முடிக்க மூன்றரை மணி நேரம் ஆகும். அந்த மூன்றரை மணி நேரமும் சீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். சமவெளியில் ஓட்டுகிறவர்கள் நடுநடுவே மிதிக்காமல் விட்டு, லேசாக எழுந்து இடுப்புக்குக் காற்று கொடுப்பார்கள். ஏற்றத்தில் மிதிப்பதை விட்டால் சைக்கிள் நின்றுவிடும்.

ஜெல் சீட் முதல் பத்து கிலோமீட்டருக்கு சோபா மாதிரி இருந்தது. குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டி ஓரமாக நிறுத்திவிட்டு ஒதுங்கினேன். அப்போதுதான் தெரிந்தது, கையில் பிடித்திருப்பது என்னுடையதுதானா என்றே தெரியவில்லை. உணர்ச்சி சுத்தமாக இல்லை. ஐந்து நிமிடம் நடந்தேன், குதித்தேன், டீ குடித்தேன். பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு எறும்பு ஊர்வது போல மெல்லத் திரும்பி வந்தது. அந்தப் பதினைந்து நிமிடத்தில் நான் வேண்டாத தெய்வம் இல்லை.

டாக்டரிடம் போக எனக்கு இரண்டு வாரம் வெட்கம். போனபோது அவர் சிரிக்கவில்லை. மேசையில் இருந்த பேனாவை நிமிர்த்தி வைத்துக் காட்டினார். ஆசனவாய்க்கும் விதைப்பைக்கும் நடுவே கட்டை விரல் அகலத்துக்கு ஓர் இடம் இருக்கிறது, முன்பக்கம் போகிற நரம்பும் ரத்தக்குழாயும் அந்த வழியாகத்தான் போகின்றன. உடம்பின் எடையை அந்த இடத்தில் வைத்தால் நரம்பு நசுங்கும், ரத்தம் குறையும். "உக்கார்றதுக்குன்னு கடவுள் ரெண்டு எலும்பு குடுத்திருக்காரு, அது மேல உக்காருங்க" என்றார். மரத்துப் போனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டாமல் உடனே இறங்கி நிற்க வேண்டும், அடிக்கடி வந்தால் அலட்சியமாக இருக்கக்கூடாது என்றும் சொன்னார்.

அப்படியானால் மெத்து மெத்தென்று இருப்பது நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. மெத்தையில் எலும்பு புதைகிறது. புதைந்த அளவுக்கு நடுவில் இருக்கிற ஜெல் மேலே பிதுங்கி, எந்த இடத்தைத் தொடக்கூடாதோ அதைப் போய் அழுத்துகிறது. இது எனக்குப் புரிந்தபோது ஜெல் சீட்டுக்குப் போட்ட ஆயிரத்து இருநூறு ரூபாய் போய்விட்டிருந்தது.

சரி, இரண்டு எலும்புக்கும் நடுவே எவ்வளவு தூரம்? இதை அளக்கிற வித்தையை நண்பனுக்காகவே விவரமாக எழுதுகிறேன். மளிகைக் கடையில் பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டியை வாங்கிக் கிழித்து, நெளிநெளியான அட்டையை வாசல் படியில் போட்டேன். மெல்லிய ட்ரவுசரோடு அதன் மேல் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடிக்கிற மாதிரி முன்னால் குனிந்து, குதிகாலைத் தூக்கி, ஒரு நிமிடம் அசையாமல் இருந்தேன். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு பள்ளம். பென்சிலால் வட்டம் போட்டு நடுவிலிருந்து நடுவுக்கு ஸ்கேல் வைத்தேன். 12 சென்டிமீட்டர். மகள் வந்து "அப்பா, என்ன பண்றீங்க?" என்று கேட்டாள். "கணக்கு" என்றேன். இந்த அளவோடு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் கூட்டினால் உங்களுக்கு வேண்டிய சீட்டின் அகலம் வரும். எனக்கு 145 மில்லிமீட்டர்.

அந்த அகலத்தில், கெட்டியாக, நடுவில் நீளமாகப் பள்ளம் வெட்டிய சீட் ஒன்றை 3,800 ரூபாய்க்கு வாங்கினேன். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. என் எலும்புக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்று ஒன்றும் இல்லை. முதல் இரண்டு வாரம் பலகையில் உட்கார்ந்த மாதிரி எலும்பு வலித்தது. அப்புறம் அந்த வலி போன இடம் தெரியவில்லை. ஆனாலும் மரத்துப் போவது முழுதாக நிற்கவில்லை. செங்குத்தான இடங்களில் மட்டும் வந்தது.

இதற்கு விடை கிடைக்க ஏழு மாதம் ஆனது. வீட்டு முற்றத்தில் சைக்கிளை நிறுத்தி, போனில் மட்டம் பார்க்கிற ஆப்பை சீட் மேல் வைத்து, துல்லியமாக சமமாக வைத்திருந்தேன். எல்லா வீடியோவிலும் அப்படித்தான் வைக்கச் சொல்கிறார்கள். ஒரு நாள் அரவேணுக்குக் கீழே மூச்சு வாங்க நின்றபோது, சும்மா அதே போனை சீட் மேல் வைத்துப் பார்த்தேன். சீட்டின் மூக்கு, அதாவது குறுகலான முன் நுனி, நாலரை டிகிரி மேலே தூக்கி நின்றது! முற்றம் சமம், ரோடு சமம் இல்லையே. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏறுகிற ரோட்டில் சைக்கிளே நாலரை டிகிரி பின்னால் சாய்கிறது, சீட்டும் கூடவே சாய்கிறது. மூன்றரை மணி நேரம் சீட்டின் மூக்கு என்னைக் கீழிருந்து குத்திக்கொண்டே வந்திருக்கிறது.

அன்றே ஆலன் கீயை எடுத்து மூக்கை இரண்டரை டிகிரி இறக்கினேன். அதோடு சரியாகிவிட்டது. மூன்று வருடத்தில் சைக்கிளுக்குச் செய்த செலவுகளிலேயே பெரிய லாபம் இதுதான், செலவே இல்லை. மூக்கை இறக்கினால் முன்னால் சறுக்கும், கையில் எடை ஏறும் என்று சொல்வார்கள். உண்மைதான், சமமான ரோட்டில். எங்கள் ஊரில் அப்படி ஒரு ரோடு இருந்தால் எனக்கும் காட்டுங்கள். இறக்கத்தில் எப்படியும் பெடல் மேல் பாதி எழுந்துதான் நிற்கிறோம். ஆனால் மாப்ள, நீ அவிநாசி ரோட்டில் ஓட்டுகிறவன். என் கோணத்தை அப்படியே வைத்தாய் என்றால் மணிக்கட்டு போய்விடும்.

மூக்கே இல்லாத சீட்டும் இருக்கிறது. அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகிற போலீஸ்காரர்களிடம் அதைக் கொடுத்து ஆறு மாதம் பார்த்திருக்கிறார்கள். 2008-ல் வெளியான அந்த ஆய்வில், மரத்துப் போவது வெகுவாகக் குறைந்தது தெரிந்தது. எனக்கும் ஆசை வந்தது. ஆனால் கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது சைக்கிளைத் தொடையால் அணைத்துப் பிடிக்க அந்த மூக்கு வேண்டும். அதனால் விட்டுவிட்டேன். புரூக்ஸ் தோல் சீட் மேலும் ஒரு கண் உண்டு. 1866-ல் தொடங்கிய கம்பெனி, அவர்களுடைய பி17 சீட் 1890-களிலிருந்து வருகிறது. நனைந்த தோல் தொய்ந்துவிடும் என்கிறார்கள், எங்கள் மூடுபனியில் அது எத்தனை நாள் தாங்குமோ.

தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டில் நாற்பது வருடம் ஓட்டினார். அவருக்கு மரத்துப் போனதாகக் கேள்விப்பட்டதில்லை. (போயிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.) அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், எடை எலும்பில் இறங்கியது. நாம் ஹேண்டிலைத் தாழ்த்திக் குனிகிறோம், இடுப்பு முன்னால் உருண்டு எடை முழுக்க நடுவில் விழுகிறது. இன்னொன்று, அவர் உள்ளே லங்கோடு கட்டியிருப்பார். எல்லாம் உடம்போடு ஒட்டி, மேலே ஏறி, தொடைக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டாமல் இருக்கும். இன்று பிப் ஷார்ட்ஸ், அதாவது தோள்பட்டையும் உள்ளே மெத்தை மாதிரி பேடும் வைத்த சைக்கிள் ட்ரவுசர், செய்கிற வேலையும் அதேதான்.

இப்போது ஷார்ட்ஸுக்கு வருகிறேன். கோபத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்கிறேன்.

நியாயமாகச் சொன்னால் அது நல்ல பொருள். விலை 2,400. இடுப்பில் எலாஸ்டிக் கிடையாது, தோளில் இரண்டு பட்டை, அதனால் குனிந்தால் வயிற்றை வெட்டுவதில்லை. துணி இழுத்துப் பிடிக்கிறது, ஆனால் நெரிப்பதில்லை. பேடில் நடுவில் தையல் இல்லை. உள்ளே ஜட்டி போடக்கூடாது என்று தெரியாமல் முதல் நாள் போட்டுக்கொண்டு போய், ஜட்டியின் தையல் ஓடிய வழியில் தொடை இடுக்கு முழுக்க உரிந்து வந்தேன். தப்பு என்னுடையது. உரசாமல் இருக்க கிரீம் விற்கிறார்கள். எனக்குத் தேங்காய் எண்ணெயே போதும். கோத்தகிரிக் குளிரில் அது டப்பாவிலேயே உறைந்து கிரீமாகத்தான் இருக்கிறது. டீக்கடையில் நிற்க வெட்கமாக இருந்தால் மேலே ஒரு தொளதொள ட்ரவுசர் போட்டுக்கொள்ளலாம், நான் அப்படித்தான்.

ஆனால் அது காயாது!

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் மழை பிடித்தால் சட்டையே இரண்டு நாள் காயாது. இது விரல் தடிமன் ஸ்பாஞ்ச். வாஷிங் மெஷினில் பிழிந்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, ஃபேன் அடியில் தொங்கவிட்டால் மூன்றாம் நாள் காலை தொட்டுப் பார்க்கும்போது மேலே காய்ந்த மாதிரி இருக்கும். அழுத்தினால் விரல் நுனியில் ஈரம். அந்த ஈரத்தோடு போட்டுக்கொண்டு போய் ஒரு மாதம் படர்தாமரைக்கு மருந்து தடவினேன். லேபிளில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "நிழலில் உலர்த்தவும்." ஐயா, நவம்பர் மாதம் கோத்தகிரியில் நிழலைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

ஒரு நாள் பொறுக்க முடியாமல் தொழிற்சாலைக்கே எடுத்துப் போனேன். முக்கால் பங்கு ஈரத்தோடு வருகிற பச்சை இலையை மூன்று சதவீதத்துக்கு இறக்குகிற டிரையர் அங்கே ஓடுகிறது, ஒரு ஷார்ட்ஸைக் காயவைக்காதா? அதன் பக்கத்தில் ஒரு கம்பியில் மாட்டிவிட்டுக் கணக்கு எழுதப் போனேன். ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. நல்ல தேயிலை வாசனை வேறு. கூடவே பேடை ஒட்டியிருந்த பசையும் சூட்டில் விட்டுப்போய், ஒரு பக்கம் நாக்கு மாதிரி தொங்கியது. சூப்பர்வைசர் அதைக் கையில் தூக்கிப் பிடித்து, "யாரோடது சார் இது?" என்று ஷிஃப்ட் முழுக்கக் கேட்டுக்கொண்டு நடந்தார்.

பஜாரில் டெய்லர் அண்ணனிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன தம்பி, ட்ரவுசருக்குள்ள மெத்தை வெச்சிருக்கீங்க?" விளக்கினேன். அவருக்குப் பாவமாக இருந்ததோ என்னவோ, கெட்டியான நூலில் இரட்டைத் தையலாகவே போட்டு, முப்பது ரூபாய்தான் வாங்கினார். அந்த இரட்டைத் தையல் சரியாக இடது எலும்பின் மேல் வந்தது. அடுத்த ஞாயிறு கோடநாடு போய்த் திரும்பும்போது அங்கே ஒரு கொப்புளம். அது பழுத்து, பத்து நாள் ஒரு பக்கமாக உட்கார்ந்து கணக்கு எழுதினேன். ஆபீஸில் யாரும் எதுவும் கேட்கவில்லை, அதுவே போதும்.

ஆக நண்பனுக்கு என் பதில். சீட் அருமை, மூன்று வருடத்தில் ஒரு குறை சொல்ல முடியாது, ஆனால் அதை நீ வாங்காதே. அட்டையில் உட்கார்ந்து உன் அளவைப் பார்த்து வேறு வாங்கு. ஷார்ட்ஸ் என் நிம்மதியைக் கெடுத்தது, அதே கம்பெனி, அதே மாடல் வாங்கு. உங்கள் ஊரில் வெயில் இருக்கிறது.

நானும் வாங்கிவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை விலை 1,650-க்கு இறங்கியது, திட்டிக்கொண்டே இரண்டு ஆர்டர் போட்டேன். மூன்று இருந்தால் எப்படியும் ஒன்றாவது காய்ந்திருக்கும் என்பது கணக்கு. இப்போது சமையல்கட்டில் ஒன்று, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒன்று, ஹாலில் ஃபேன் அடியில் ஒன்று தொங்குகிறது. காலையில் மூன்றையும் அழுத்திப் பார்த்தேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருப்பது பரவாயில்லை.