‘அடைப்பைக் கரைக்கும் இயற்கைச் சாறு’: 18,600 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

கொதிப்பு அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர், தேன் கலந்த சாறு, இதய அடைப்பைக் கரைத்துவிடும் என்று போனைத் திறந்தாலே ஒரு விளம்பரம் வருகிறதே, அதை நம்பி 18,600 ரூபாய் கட்டினோம். பணம் மட்டும் போயிருந்தால் அழுதுவிட்டு விட்டிருப்பேன். அப்பாவை எமர்ஜென்சி வார்டு வரை கொண்டுபோய் விட்டார்கள்.

அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்று இரண்டு, கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின், அதோடு பிரஷர் மாத்திரை. "இத்தனை மாத்திரை தின்னா கிட்னி போயிடும்" என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாம் சொல்லிச் சொல்லி அவருக்கு மாத்திரை டப்பாவைப் பார்த்தாலே பயம். அந்தப் பயத்தைத்தான் இவர்கள் காசாக்கினார்கள்.

விளம்பரத்தில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டதும் ஒரு பையன் பேசினான். ஆஞ்சியோ ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டு, எந்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட், எதில் இன்னும் 40 சதவீதம் அடைப்பு என்று வரிவரியாகச் சொன்னான். "எங்க அப்பாவுக்கும் இதேதான்க்கா. பைபாஸுக்கு நாள் குறிச்சுட்டாங்க. இந்தச் சாறுதான் குடுத்தோம், இப்ப வயலுக்குப் போறார்" என்றான். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "தம்பி, பத்தியம் ஏதும் உண்டா?" என்று கேட்டார். "ஒண்ணும் வேணாம்ப்பா. குழாய்ல படிஞ்ச அழுக்கை வினிகர் கரைக்குதுல்ல, அது மாதிரிதான். காலைல வெறும் வயித்துல 30 மில்லி." அப்பாவின் முகம் அன்றைக்குத் தெளிந்த மாதிரி ஸ்டென்ட் வைத்த பிறகு நான் பார்த்ததே இல்லை. மூன்று மாதக் கோர்ஸ், 18,600 ரூபாய், அப்போதே யூபிஐயில் அனுப்பினோம்.

குடிக்க ஆரம்பித்ததும் நெஞ்செரிச்சல். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். கேட்டதற்கு, "கழிவு வெளியேறுதுக்கா, நல்ல அறிகுறி" என்றான். அப்புறம் அப்பாவிடம் தனியாகப் பேசி, "ரத்தம் உறையாம இருக்கிற வேலையைப் பூண்டே பாத்துக்கும், அந்த மாத்திரைகளை நிறுத்திடுங்கப்பா" என்று சொல்லியிருக்கிறான். அப்பா எங்களிடம் சொல்லாமலே நிறுத்திவிட்டார். ஒரு ராத்திரி நெஞ்சை அடைக்கிறது என்று வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துப் பார்த்து, அட்டாக் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மூச்சே வந்தது.

டாக்டர் சொன்னது இது. ஸ்டென்ட் ஒரு உலோக வலை. அதன்மேல் உள்தோல் வளர்ந்து மூடும் வரை ரத்தம் அதில் உறைய வாய்ப்பு அதிகம், அதற்காகத்தான் அந்த இரண்டு மாத்திரையும். திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்டே மொத்தமாக அடைத்துக்கொள்ளலாம். பூண்டுக்கு ரத்தம் உறைவதைக் கொஞ்சம் குறைக்கும் குணம் உண்டு. மாத்திரையோடு சேர்த்து இவ்வளவு பூண்டுச்சாறு குடித்தால் ரத்தக்கசிவு வரலாம், ஆனால் மாத்திரையின் இடத்தை அது பிடிக்காது. கொழுப்பு ரத்தக்குழாயின் சுவருக்குள்ளே படிகிறது, வினிகர் ஊற்றிக் கரைக்க முடியாது. "ரசத்துல பூண்டு போடுங்க, கீரை, பருப்பு, மத்தி மீன் சாப்பிடுங்க. அப்பளம், ஊறுகாய், கருவாட்டைக் குறைங்க, உப்பு நாளைக்கு 5 கிராம் தாண்டக் கூடாது. அதுதான் சாப்பாட்டால ஆகிற வைத்தியம்" என்றார். இதற்கு 18,600 ரூபாய் எதற்கு?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் "அந்தத் தம்பி லீவு". பிறகு "எங்க மருத்துவக் குழு கூப்பிடும்". யாரும் கூப்பிடவில்லை. பிறகு வேறொரு பெண், "சீல் உடைச்ச பாட்டிலுக்கு ரீஃபண்ட் கிடையாது மேடம்." சீல் உடைக்காத பாட்டில்கள் அட்டைப்பெட்டியோடு இருக்கின்றன என்றேன். "கோர்ஸைப் பாதியில நிறுத்துனது நீங்கதானே?" என்று கேட்டாள். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று சொல்லும்போதே வைத்துவிட்டாள். இப்போது என் நம்பரை பிளாக் செய்திருக்கிறார்கள். 18,600 ரூபாய்! அப்பாவின் பென்ஷன் காசு.

பாட்டிலை அப்புறம்தான் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். 14 இலக்க உணவு உரிம எண் மட்டும்தான் இருக்கிறது. சித்தா, ஆயுர்வேத மருந்து தயாரிப்பு உரிம எண் எதுவும் இல்லை. விற்பது உணவு என்று, பேசுவது மருந்து என்று. இதய நோய், ரத்த அழுத்தம் எல்லாம் குணமாகும் என்று மருந்து விளம்பரம் செய்வதையே தடுக்க 1954லேயே சட்டம் வந்துவிட்டது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. மாத்திரையை நிறுத்து என்று போனில் எவன் சொன்னாலும் உடனே வைத்துவிடுங்கள். ரிப்போர்ட்டை முகம் தெரியாதவனுக்கு அனுப்பாதீர்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீது, கால் ரெக்கார்டிங் எதையும் அழிக்காமல் நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள், நானும் புகார் கொடுத்திருக்கிறேன். வீட்டில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இருந்தால் மாத்திரை அட்டையை இன்றைக்கே எடுத்து எண்ணிப் பாருங்கள்.